மச்சச் சட்டியும் சில்லூற்று மாவும்

நல்லூரில் கொடியேறினால் எங்கள் வீட்டு மச்சச் சட்டி குசினி மேல்தட்டுக்குப் போய்விடும். 25 நாளும் சைவம். தேர், தீர்த்தம், பூங்காவனம், வைரவர் மடை எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா கதிரையில் ஏறி அதை இறக்குவா. இறக்கிய அன்றே, பனங்கிழங்கு ஒடியல் மாவில் நண்டு போட்டுக் காய்ச்சும் கூழ். தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வருகிறபடியால், அதை அடுத்த நாட்களில் பாசையூர்ச் சந்தைக்கு வரும் நண்டில் சதை பிடித்திருக்கும் என்பது அவவின் கணக்கு. பறுவத்து நண்டு வெறும் கோது என்று அதைத் திரும்பியும் பாரா.

இந்தமுறை சட்டி இறங்கிய காலையில், ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த அக்காவின் மகன், 19 வயதுப் பெடியன், தன் பெட்டியிலிருந்து இரண்டு பக்கற்றுகளை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்றில் மண்ணிற மா. மற்றதில் அந்த மாவில் சுட்ட விசுக்கோத்து.

"உதென்ன ராசா, குரக்கன் மாவே?"

"இல்லை அம்மம்மா. பூச்சி மா. இரவில கத்துமே, அந்தப் பூச்சி."

"சில்லூறு," என்று நான் எடுத்துக்கொடுத்தேன். இந்தியாவில் சில்வண்டு என்பார்கள்.

"சீ! ஆரடா உந்தக் கறுமத்தைத் தின்னிறது?" என்றா அம்மா. அதைச் சொன்ன நேரம் அவவின் கையில் ஒரு நீலக்கால் நண்டு இருந்தது. 10 கால். தண்டின் நுனியில் இரண்டு கண். வாயைச் சுற்றி 6 சோடி உறுப்புகள், அவற்றில் சில இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அவ ஒரே முறுக்கில் ஓட்டைக் கழற்றி, விரல் விரலாக இருக்கும் செவுளைப் பிய்த்து எறிந்துவிட்டு, உடம்பை இரண்டாக உடைத்துச் சட்டியில் போட்டா.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அம்மா, உங்கட கையில இருக்கிறதும் உந்தச் சாதிதான்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா மறுமொழி சொல்லவில்லை. ஒடியல் மாவைக் கரைக்கச் சொல்லி எனக்கு ஒரு வேலை தந்தா. அன்றைக்குச் சொல்ல விடாத மிச்சம்தான் இது.

பள்ளிக்கூடத்தில் ஆத்திரோப்போடா எனும் கணுக்காலிக் கணத்தை நாங்கள் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டுவோம். பூச்சி ஒரு பெட்டி. நண்டும் இறாலும் ஒரு பெட்டி. சிலந்தியும் தேளும் ஒரு பெட்டி. மட்டத்தேள், அதாவது பூரான், இன்னொரு பெட்டி. நான் படித்த காலத்தில் பூச்சிக்கு மிக நெருங்கிய சொந்தம் மட்டத்தேள்தான் என்று சொல்லித்தந்தார்கள். இரண்டும் தரையில் வாழ்கின்றன, இரண்டும் காற்றுக் குழாயால் மூச்சு விடுகின்றன, இரண்டுக்கும் ஒரே ஒரு சோடி உணர்கொம்பு. பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. 2010ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று 62 பரம்பரையலகுகளை (மரபணுக்களை) வைத்து இந்தச் சொந்தங்களைத் திரும்ப எண்ணிப் பார்த்தது. மட்டத்தேள் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. பூச்சி, நண்டுக்கும் இறாலுக்கும் பக்கத்தில் வந்து நின்றது. பக்கத்தில் என்பதுகூடச் சரியில்லை; அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயே பிறந்த ஒரு கிளை அது. பூச்சிகளுக்கு இன்றைக்கு மிகக் கிட்டிய உறவாக எண்ணப்படுவது ரெமிப்பீடியா என்ற கண்ணில்லாத நீச்சல் பிராணி. அதை 1979இல் பகாமாஸ் தீவுகளின் நீருக்கடிக் குகை ஒன்றில்தான் முதன்முதல் கண்டார்கள். 2014இல் வந்த பெரிய ஆய்வொன்று, பூச்சிக் கிளை பிரிந்த காலத்தை ஏறக்குறைய 48 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வைக்கிறது.

கடற்கரையில் இருந்த சனத்தில் ஒரு பகுதி உள்ளே போய்க் குடியேறி, தொழிலையும் உடுப்பையும் மாற்றிக்கொண்டு, பிறகு கரைச் சனத்தை ஆரென்றே தெரியாததுபோல நடந்துகொள்கிற கதை. யாழ்ப்பாணத்தில் இந்த உவமையை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சொந்தம் மறைந்தாலும் உடம்பு மறைக்காது. சின்ன வயதில் கொழும்புத்துறைக் கரையில் செத்துக் கிடக்கிறது என்று நண்டைத் தூக்கினால் உள்ளே ஒன்றும் இராது. காலும் கண்ணும் வாயும் அப்படியே இருக்க, அது கழற்றிவிட்டுப் போன சட்டை. கரப்பொத்தானும் அப்படித்தான் கழற்றும். கழற்றிய கையோடு பார்த்தால் பால்போல வெள்ளையாக இருக்கும். "சட்டையைக் கழற்று" என்று உடம்புக்குக் கட்டளை போடும் ஓமோனை 1954இல் புற்றனாந்து, கார்ல்சன் என்ற இரண்டு செருமன் வேதியியலாளர் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். 1966இல் அவுஸ்திரேலியாவில் ஒரு தொன் கல் இறால் கழிவைக் காய்ச்சி வடித்து 2 மில்லிகிராம் எடுத்தார்கள். இரண்டும் ஒரே குடும்பப் பொருள். ஒரு ஒட்சிசன் அணுதான் வித்தியாசம். அந்த அணுவையும் பூச்சி தன் உடம்புக்குள்ளேயே சேர்த்துக்கொண்டுதான் ஓமோனைப் பாவிக்கிறது. அதாவது நண்டுக்கும் பட்டுப்புழுவுக்கும் உத்தரவு போடுவது ஒரே கடிதம்.

அந்த ஓமோனைச் செய்யக் கொலஸ்திரோல் வேண்டும். எங்கள் ஈரல் அதைத் தானே செய்துகொள்ளும். பூச்சிக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் அந்தக் கைவேலை தெரியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும். இறாலில் கொலஸ்திரோல் கூட என்று டொக்டர் மறித்துவிட்டார் என்று முறையிடும் மாமாமாரிடம் நான் இதைச் சொல்வதுண்டு. அந்தக் கொலஸ்திரோல் இறாலும் கஷ்டப்பட்டுத் தேடியதுதான். மாமாமார் ஒருவரும் இதனால் ஆறுதல் அடைந்ததில்லை.

அம்மாவின் அமாவாசைக் கணக்குக்குப் பின்னால் இந்தச் சட்டை கழற்றல் இருக்கக்கூடும். கழற்றிய நண்டு புது ஓடு இறுகுவதற்கு முன்னால் தண்ணீரைக் குடித்து உடம்பை ஊதவைக்கும். ஓடு பெரிய அளவில் இறுகட்டும், சதை பிறகு வளர்ந்து நிரம்பட்டும் என்ற ஏற்பாடு. அந்த இடைக்காலத்தில் பிடிபட்டால் பெரிய நண்டாக இருக்கும், அவித்தால் தண்ணீர் ஓடும். பாசையூர்ச் சந்தையில் வியாபாரி அக்காமார் நண்டைப் புரட்டி அடிப்பக்க ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது அதற்குத்தான். அமுங்கினால் வைத்துவிடுவார்கள். எனக்குச் சந்திரனைவிட அந்தப் பெருவிரலில் நம்பிக்கை கூட.

ஓட்டின் சட்டகம் இரண்டுக்கும் கைற்றின்தான். உலகத்தில் செலுலோசுக்கு அடுத்தபடி கூடுதலாக இருக்கும் பல்சக்கரைட்டு. 1811இல் பிரான்சில் பிராக்கோனோ என்பவர் அதைக் காளானில் கண்டார். 1823இல் ஒடியே என்பவர் வண்டின் சிறகு மூடியில் கண்டு அந்தப் பெயரை வைத்தார். நண்டு அந்தச் சட்டகத்துக்குள் கல்சியம் காபனேற்றைப் பூசி, சுண்ணாம்புச் சுவர்போல இறுக்குகிறது. பூச்சி சுண்ணாம்பை நாடாமல், தோல் பதனிடுகிற மாதிரி, தன் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் நண்டுக்காலைக் கடித்தால் பல் கூசும், சில்லூறு பப்படம்போல நொறுங்கும். சில்லூறு நொறுங்குவது எனக்கு அக்காவின் மகன் சொல்லித்தான் தெரியும். நான் இரண்டையும் வாயில் வைக்க முடியாதவள். அதற்கு வருகிறேன்.

அம்மாவின் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பூச்சிக்கு நண்டைப்போலச் செவுளும் இல்லை, ஒட்சிசன் சுமக்கும் இரத்தமும் பெரும்பாலும் இல்லை. உடம்பு முழுக்க ஓடும் நுண்குழாய்களால் காற்றே நேராக ஒவ்வொரு கலத்துக்கும் போகிறது. நண்டின் இரத்தத்தில் செப்பு கலந்த ஈமோசயனின் ஓடி அந்த வேலையைச் செய்கிறது. உடைத்த நண்டை வைத்துவிட்டுப் பார்த்தால் இலேசாக நீலம் தட்டுவது அதனால்தான். குழாய் மூச்சை நம்பிய உடம்பு, கரையில் தன் பாரத்தைத் தானே சுமக்கும் ஓடு, இந்த இரண்டும் சேர்ந்து பூச்சியைச் சின்னதாகவே வைத்திருக்கின்றன. எனவே பூச்சியில் உரித்தெடுக்கத் துண்டுச் சதை இல்லை. நண்டில் செவுளை எறியலாம், இறாலில் முதுகோடு ஓடும் கறுப்புக் குடலை இழுத்தெடுக்கலாம். பூச்சி என்றால் தலை, கால், குடல், அதற்குள் கிடக்கிறது எல்லாம் சேர்ந்துதான் வாய்க்குள் போக வேண்டும். அருவருப்பில் ஒரு பங்கு இதில் இருக்கிறது.

ஆனால் ஒரு பங்குதான். எங்கள் குசினியில் ஒரு தகரப் பேணி இருக்கிறது. அதற்குள் கூனி. கருவாடாகக் காய்ந்த, நகக்கண் அளவு இறால். அதை ஓட்டோடும் கண்ணோடும் குடலோடும் வறுத்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து அம்மா இடிக்கிற சம்பலுக்கு ஒரு றாத்தல் பாண் காணாது. முழு ஆத்திரோப்போட்டை முழுசாகத் தின்பது என்ற காரியத்தை எங்கள் பரம்பரை எப்போதோ செய்து முடித்துவிட்டது.

தின்ற கைற்றின் என்ன ஆகிறது? மனிசருக்கு அது சமிக்காது, புல்லைத் தின்றதுபோல வெளியே போய்விடும் என்று நானே பல வருடம் படிப்பித்திருக்கிறேன். பிழை. எங்கள் இரைப்பையில் கைற்றினை வெட்டும் நொதியம் ஒன்று இருக்கிறது, அமிலத்திலும் வேலை செய்யக்கூடியது. 2007இல் இத்தாலியில் 25 பேரின் இரைப்பைச் சாற்றைச் சோதித்தார்கள். ஆளுக்கு ஆள் அளவு வேறுபட்டது, 5 பேரில் மட்டும் கிட்டத்தட்ட இல்லை. எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லாத கத்தரிக்கோல்.

அந்தக் கத்தரிக்கோலின் கதை பழையது. தைனோசர்களின் காலத்தில் எங்கள் மூதாதையர் இரவில் ஒளித்துத் திரிந்து பூச்சி பிடித்துத் தின்ற சின்னப் பிராணிகள். நஞ்சுக்கொடி உள்ள முலையூட்டிகளின் பொது மூதாதையிடம் இந்த நொதியத்துக்கு 5 பரம்பரையலகுகள் இருந்ததாக 2018இல் வந்த ஆய்வு காட்டியது. தைனோசர்கள் போன பிறகு சிலர் புல்லுக்குப் போனார்கள், சிலர் இறைச்சிக்குப் போனார்கள், சிலர் பழத்துக்குப் போனார்கள்; ஒவ்வொருவரும் பாவிக்காத பரம்பரையலகைத் துருப்பிடிக்க விட்டார்கள். புலியின் மரபணுத் தொகுதியிலும் குதிரையின் மரபணுத் தொகுதியிலும் அந்தத் துருப்பிடித்த துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. பூச்சியை நம்பியே வாழும் டார்சியர் என்ற சின்னக் குரங்கினப் பிராணியிடம் ஐந்தும் வேலை செய்கின்றன. எங்களிடம் ஒன்று வேலை செய்கிறது. மற்றவற்றின் எச்சம் கிடக்கிறது. அம்மம்மாவின் பாக்குவெட்டி மாதிரி. வீட்டில் ஒருவரும் வெற்றிலை போடுவதில்லை, ஆனாலும் இலாச்சிக்குள் இருக்கிறது.

2023இல் அமெரிக்காவில் எலிகளுக்குக் கைற்றின் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் வெளிவந்தது. கைற்றின் இரைப்பையை விரிக்க, அந்த விரிவை இரைப்பையே உணர்ந்து நோயெதிர்ப்புக் கலங்களைத் தட்டி எழுப்ப, அவை இந்த நொதியத்தைக் கூட்டிச் சுரக்க வைக்கின்றன. வெட்டுகிற வேலையை உடம்பு வெறும் சமிபாடாக எண்ணவில்லை. அந்தக் கலங்கள் ஒட்டுண்ணிப் புழுக்கள் வந்தாலும் எழும்புகிறவை. எலியில் நடந்ததை உடனே மனிசருக்கு நீட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்காது; ஆனாலும் உடம்பு ஓட்டை அடையாளம் காண்கிறது என்ற செய்தி எனக்கு வேறு காரணத்தால் நெஞ்சில் தைத்தது.

எனக்கு 24 வயது. பெரியம்மா வீட்டில் கூழ். பனையோலைப் பிளாவில் இரண்டாவது முறை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் உள்ளங்கை கடித்தது. பிறகு உதடு தடித்தது. பிறகு தொண்டைக்குள் ஆரோ துணியை அடைகிற மாதிரி. முற்றத்தில் நின்றவர்கள் மிளகாய் கூடிவிட்டது என்று சிரித்தார்கள். மூச்சு விசிலடிக்கத் தொடங்கியதும் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசுப்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அதுவரைக்கும் 24 வருடமும் நான் நண்டு தின்றவள். ஓட்டு உணவின் ஒவ்வாமை இப்படி வளர்ந்த பிறகு வருவது வழமைதான் என்று டொக்டர் சொன்னார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்கு விளங்கவில்லை: "சின்னனில முட்டு, இழுப்பு இருந்ததோ? தூசுக்குத் தும்முவீங்களோ?"

இருந்தது. தும்முவேன். பழைய கொப்பிக்கட்டை அவிழ்த்தால், நெல்மூட்டை அறைக்குள் போனால், தலையணை மாற்றினால்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் திரோப்போமயோசின் என்ற புரதத்தில் இருக்கிறது. தசை சுருங்குவதை ஒழுங்குபடுத்தும் நீண்ட இழை, 284 அமினோ அமிலம். 1993இல் பெங்களூர் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து இறால் ஒவ்வாமைக்கு முதற்காரணம் இதுதான் என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்த இறால் எங்கள் கடலிலும் படுகிற வெள்ளை இறால். இந்தப் புரதம் எங்கள் தசையிலும் இருக்கிறது, கோழியிலும் ஆட்டிலும் மீனிலும் இருக்கிறது. அவை எங்களுடையதை ஒத்தவை என்பதால் நோயெதிர்ப்புத் தொகுதி அவற்றைப் பெரும்பாலும் கணக்கெடுப்பதில்லை. ஆத்திரோப்போட்டின் பதிப்பு மட்டும் போதிய அளவு வேறானது. அது ஆத்திரோப்போடுகளுக்குள் பெரிதாக மாறவும் இல்லை. இறாலின் இழையையும் கரப்பொத்தானின் இழையையும் பக்கத்தில் வைத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 80 இடங்களில் ஒரே எழுத்து. தலையணைத் தூசுக்குள் வாழும் உண்ணியிலும் அதே அளவுதான். இத்தனைக்கும் தூசு உண்ணி சிலந்திப் பக்கத்துச் சொந்தம், இறாலுக்கு நல்ல தூரம்.

எனவே சின்ன வயதில் நான் மூச்சோடு இழுத்த உண்ணித் தூசுக்கும் கரப்பொத்தான் தூசுக்கும் எதிராக உடம்பு ஒரு பிறபொருளெதிரியைச் செய்துவைத்திருக்கலாம். பிறகு ஒரு நாள் அதே இழையை நண்டு வடிவில் கண்டபோது, "உன்னை எனக்குத் தெரியும்" என்று பாய்ந்திருக்கலாம். இது வெறும் ஊகக்கதை அல்ல என்று காட்டிய ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. மதக்கட்டுப்பாட்டால் நண்டோ இறாலோ வாழ்நாளில் தின்றிராத யூதர்களில், தூசு ஒவ்வாமை உள்ள சிலரின் இரத்தத்தில் இறால் திரோப்போமயோசினுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது. தின்னாத பண்டத்துக்கு உடம்பு தயாராக நின்றிருக்கிறது. பரம்பரைச் சைவக்காரர் வீடுகளிலும் தும்முகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் இரத்தத்தைப் பார்த்தாலும் இது தெரியக்கூடும். (அந்த யூத விதி எங்களுடையதற்கு நேர் எதிர் என்பதையும் சொல்லவேண்டும். லேவியர் 11ஆம் அதிகாரம் நண்டையும் இறாலையும் விலக்கிவிட்டு நாலு வகை வெட்டுக்கிளியைத் தின்ன விடுகிறது. பாசையூர் அந்தோனியார் கோயிலில் திருமுழுக்கு அருளப்பர் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்ற கதையைக் கேட்டுவிட்டு நேரே சந்தைக்கு வந்து நண்டு வாங்குகிற என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள்.)

அம்மாவுக்கு இந்த விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. "உது கிரந்திச் சாப்பாடு, உன்ர உடம்பு கிரந்தி உடம்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டா. கரப்பன் வரும், இறாலைத் தொடாதே என்று பழைய ஆட்கள் சொல்வதும் இதைத்தான். தோலில் வரும் கரப்பனும் சுவரில் ஓடும் கரப்பானும் ஒரே சொல்போல ஒலிப்பது தற்செயலாகத்தான் இருக்கும். இருந்தாலும், அந்தப் பூச்சியின் புரதமும் இந்தச் சொறியை எழுப்பும் புரதமும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் ஒரு கணம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

திரோப்போமயோசினுக்கு வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. அவித்தாலும் பொரித்தாலும் வேலை செய்யும், கூழ்த்தண்ணீருக்குள் கரைந்தும் நிற்கும். "துண்டை எடுத்துவைச்சிட்டன், கூழை மட்டும் குடி" என்று அன்பாகத் தரும் பிளா எனக்கு நஞ்சு. கொதிக்கும் ஆவியே சிலரை உலுப்பும். நான் நண்டு சட்டியில் விழுவதற்கு முன்னமே ஒடியல் மாவை ஊறவைத்து, மேல்தண்ணீரை வடித்து, கரைத்துக் கொடுத்துவிட்டு விறாந்தைக்குப் போய்விடுவேன். மீன் தின்பேன், மீன் ஒவ்வாமைக்குக் காரணம் வேறு புரதம். கணவாய் ஒரு துண்டு தின்று பார்க்க இன்றுவரை துணிவு வரவில்லை.

இதனால்தான் சில்லூற்று மாவும் எனக்கு மறிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மஞ்சள் மாப்புழுவை உணவாக ஏற்றபோது, நண்டு, இறால் வகைக்கும் தூசு உண்ணிக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்று பக்கற்றில் எழுதவேண்டும் என்றும் விதித்தது. அக்காவின் மகன் கொண்டுவந்த பக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பொடி எழுத்தில் அதே வசனம் இருந்தது.

அவன் தன் விசுக்கோத்தைப் பற்றிக் கதைத்தது முழுக்க உலகத்தைக் காப்பாற்றும் கதை. அதில் உண்மை உண்டு. பூச்சி தன் உடம்பைச் சூடாக வைத்திருக்கச் செலவழிப்பதில்லை. ஒரு கிலோ சில்லூறு வளர்க்க இரண்டு கிலோவுக்குக் கிட்டத் தீனி போதும், மாட்டுக்கு அதைப்போல பல மடங்கு வேண்டும். ஆனால் மாட்டோடு மட்டுமே ஒப்பிடுவது கெட்டித்தனம். நல்ல தீனி போட்ட கோழி சில்லூற்றுக்குப் பெரிதாகப் பின்னுக்கு நிற்காது. பக்கற்றில் பெரிதாகப் போட்டிருந்த புரத அளவிலும் எனக்குச் சந்தேகம். புரதத்தை வழமையாக நேராக எடைபோடுவதில்லை. நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். கைற்றினிலும் நைதரசன் இருக்கிறது. ஓட்டையும் புரதமாக எண்ணிவிடும் கணக்கு அது. 2017இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் மூன்று இனப் பூச்சிப் புழுக்களைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் பெருக்கெண் 4.76 என்றார்கள். கடைக்காரன் தராசில் விரலை வைத்த மாதிரி.

"நாங்கள் பூச்சி தின்னாத சனம்" என்று அம்மா சொன்னதும் அவ்வளவு சரியில்லை. 1990களில் கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு. ஐப்பசி மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பும். விளக்கடியில் தண்ணீர்ச் சட்டி வைப்போம். விடியச் சட்டி நிறையச் செட்டை. அதைக் கோழிக்குப் போடுவோம், கோழியை நாங்கள் தின்போம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தச் சுற்றுவழி இல்லை, ஈசலை நேரே வறுத்து அரிசியோடு தின்பார்கள். புறநானூற்றின் 119ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டை நினைத்து ஏங்கும்போது செம்புற்று ஈயலும் இனிய மோரும் சேர்ந்த புளிங்கறியையும் நினைத்துத்தான் ஏங்குகிறார். அகநானூறு 394இலும் வரகரிசிச் சோற்றோடும் தயிரோடும் ஈயல் வருகிறது. கறையானை இப்போது கரப்பொத்தானின் வரிசைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், கூட்டமாக வாழப் பழகிய கரப்பொத்தான் என்று. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பாரியின் பெயரைக் கெடுத்ததாக முடியும்.

அப்பு பின்னேரம் குடித்த கள்ளு முட்டியில் தேனீயும் குளவியும் மிதக்கும். பன்னாடையால் வடித்தால் பூச்சி நிற்கும், கள்ளு இறங்கும், பூச்சியின் காலும் செட்டையும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அரிதட்டில் எவ்வளவு அரித்தாலும் மாவில் வண்டின் தூள் போகாது. கோதுமை மாவின் 50 கிராமில் சராசரியாக 75 பூச்சித் துணுக்கு வந்தால்தான் அமெரிக்க அதிகாரிகளே நடவடிக்கைக்கு வருவார்கள். சிவப்பு இனிப்பில் ஈ 120 என்று போட்டிருந்தால் அது கள்ளிச் செடியில் வாழும் பூச்சியை அரைத்த நிறம். குளிசையின் மினுக்கம் ஈ 904 என்றால் அரக்கு, பூச்சி சுரந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தீவகக் கரையெல்லாம் இப்போது கடலட்டைப் பண்ணை. வளர்க்கிறோம், அவிக்கிறோம், காயவைக்கிறோம், சீனாவுக்கு ஏற்றுகிறோம். அதைக் கறிவைத்த வீடு ஒன்றை நான் பார்த்ததில்லை. விலை தெரிந்த பிறகும் நாக்கு அசையவில்லை. எங்கள் சேற்று நண்டைச் சில்லி நண்டாக்கித் தின்னும் சிங்கப்பூர் 2024இல் 16 வகைப் பூச்சியை உணவாக ஏற்றுக்கொண்டது. அங்கே இரண்டும் ஒரே மேசைக்கு வரலாம். இங்கே வராது என்றுதான் நினைக்கிறேன், கோழித்தீனியாக வேண்டுமானால் வரும்.

மத்தியானம் கூழ். நான் விறாந்தையில் பருப்பும் சோறும். அக்காவின் மகன் நண்டுக்காலைக் கடிக்கத் தெரியாமல் பாக்குவெட்டி கேட்டான். கடைசியில் அந்த இலாச்சி திறந்தது. நாலு பிளா குடித்தான். முருங்கையிலையை மட்டும் ஓரத்தில் ஒதுக்கி வைத்தான்.

பின்னேரம் பிளேன்ரீயோடு அவன் தன் விசுக்கோத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தபோது அம்மா பக்கற்றை எடுத்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தா. திறந்து மணந்து பார்த்தா. திரும்பவும் மணந்து பார்த்தா.

"கூனி மணக்குது," என்றா.

பிறகு அவனிடம், "உது சைவமோ, மச்சமோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் யன்னலைப் பார்த்தேன்.

அம்மா பக்கற்றின் வாயை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டினா. விசுக்கோத்து வைக்கிற பேணிப் பக்கம் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டில் மச்சச் சட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கூனிப் பேணிக்கு அருகே வைத்துவிட்டு இறங்கினா.